வீட்டுப் பூசணத்தைத் தைலத்தால் அடக்குவது எப்படி

ஐப்பசி மழை விட்டு வெயில் எட்டிப் பார்க்கும் நாட்களில் பீரோவைச் சற்று நகர்த்திப் பார்த்தால், அதன் பின்சுவரில் கரும்பச்சைப் புள்ளிகள் படர்ந்திருப்பதைக் கொங்குப் பகுதியின் பல வீடுகளில் காணலாம். உடனே பலரின் கை, ஊட்டிக்குப் போய்வந்தபோது வாங்கி வைத்த நீலகிரித் தைலப் புட்டிக்குத்தான் போகிறது. அதைப் பஞ்சில் நனைத்துத் துடைத்தால் வீடே மணக்கும். சில நாட்களில் புள்ளிகள் அதே இடத்தில் மறுபடியும் தலைகாட்டும். இதைக் கண்டு, தைலமெல்லாம் ஏமாற்று வேலை என்று ஒதுக்கிவிடுவதும் சரியாகாது. சில தாவரத் தைலங்களுக்குப் பூசணத்தை அடக்கும் ஆற்றல் உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் எந்தத் தைலம், எவ்வளவு, எந்தக் கட்டத்தில் என்பதைப் பொறுத்தே அது பலன் தரும். ஈரத்தை நிறுத்தி, பூசணத்தைக் கழுவி அகற்றி, சுவரை நன்றாகக் காயவிட்ட பிறகு, அது திரும்ப முளைக்காமல் காப்பதற்குத்தான் தைலம். முந்தைய மூன்று வேலைகளையும் செய்யாமல் தைலத்தை மட்டும் தெளிப்பது காசைக் கரைக்கிற வேலை.

பூசணமா, உப்பா?

சுவரில் இருப்பது பூசணம்தானா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். உப்புத் தண்ணீரைக் கொண்டே வீடு கட்ட வேண்டியிருந்த ஊர்களில், சுவரின் அடிப்பகுதியில் இரண்டு மூன்று அடி உயரத்துக்கு வெள்ளையாக உப்புப் பூப்பது சாதாரணம். அதைப் பூசணம் என்று நினைத்துத் தைலம் அடிப்பவர்கள் நிறையப் பேர். கையுறை அணிந்துகொண்டு, அந்த வெள்ளையைச் சிறிது சுரண்டி ஒரு கண்ணாடித் துண்டின்மேல் வைத்து, இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உப்பானால் பெரும்பாலும் கரைந்து மறைந்துவிடும். விரலிடுக்கில் தேய்த்தால் நறநறவென்று பொடியும். பூசணம் கரையாது, தேய்த்தால் அழுக்காக இழுகும், மண்வாடையும் அடிக்கும். உப்புப் பூத்த சுவருக்கு உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்தெடுப்பதும், அடியிலிருந்து ஏறும் ஓதத்தைத் தடுப்பதுமே வழி. தைலம் அங்கே எதையும் செய்யாது.

ஈரம் எங்கிருந்து வருகிறது

பூசணத்தின் நுண்வித்துகள் எல்லா வீட்டுக் காற்றிலும் இருக்கின்றன. அவற்றை முழுவதுமாக ஒழிக்க யாராலும் முடியாது. சுவரிலோ மரத்திலோ ஈரம் தங்கினால்தான் அவை முளைக்கும். நனைந்த பொருளை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலர்த்திவிட்டால் பெரும்பாலும் பூசணம் பிடிக்காது. அறைக் காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்படி பார்த்துக்கொள்வது பாதுகாப்பானது. சிறிய டிஜிட்டல் ஈரப்பதமானி ஒன்றை வாங்கி அறையில் வைத்துவிட்டால், ஊகத்துக்கு வேலையே இல்லாமல் போகும்.

கொங்குப் பகுதி முழுவதற்கும் ஒரே பருவம் என்று எண்ணிவிடக் கூடாது. வால்பாறையிலும் ஆனைமலை அடிவாரத்திலும் தென்மேற்குப் பருவமழைக் காலமான ஆனி, ஆடி, ஆவணி மாதங்களே பூசணத்தின் காலம். அங்கே வாரக்கணக்கில் வெயில் முகம் தெரியாது. பாலக்காட்டுக் கணவாய்க்குக் கிழக்கே உள்ள உடுமலை, பல்லடம், தாராபுரம் பக்கங்களில் அதே ஆடி மாதம் காற்று அள்ளிக்கொண்டு போகும். காற்றாலை இறக்கைகளைச் சுழற்றும் அந்தக் காற்றை, மேற்கு ஜன்னலையும் கிழக்கு ஜன்னலையும் ஒருசேரத் திறந்து வீட்டுக்குள் விட்டால், எந்த இயந்திரமும் தராத உலர்ச்சியை அது இலவசமாகத் தந்துவிடும். தூசி வருகிறதே என்று அந்த மாதங்களில் ஜன்னலை அடைத்து வைப்பவர்கள் நல்ல வாய்ப்பை இழக்கிறார்கள். கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் சமவெளிகளுக்குச் சோதனை ஐப்பசியிலும் கார்த்திகையிலும்தான் வருகிறது. அப்போது மழையும் பெய்யும், காற்றும் அசையாது. வாய்க்கால் பாசனம் உள்ள ஊர்களில், தண்ணீர் திறந்துவிட்ட மாதங்களில் நிலத்தடி நீர் மட்டம் உயர்ந்து சுவரில் ஓதம் ஏறுவதும் உண்டு.

வீட்டுக்குள் உண்டாகும் ஈரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். திருப்பூர்ப் பக்கத்து லைன் வீடுகளில் ஒரு கதவும் ஒரு ஜன்னலும்தான் இருக்கும். மழைநாளில் அந்த ஒற்றை அறைக்குள்ளேயே கொடி கட்டித் துணி காயப் போட்டு, அங்கேயே சமைத்து, இரவில் ஜன்னலையும் சாத்திவிட்டால், சுவர் வியர்க்காமல் என்ன செய்யும்? மொட்டை மாடியில் தட்டோடுகளின் இடைவெளிப் பூச்சு பெயர்ந்திருக்கிறதா, தண்ணீர்த் தொட்டி வழிந்து சுவரில் இறங்குகிறதா, குளியலறைக் குழாய் உள்ளுக்குள் கசிகிறதா என்பதையெல்லாம் தைலம் வாங்கக் கடைக்குப் புறப்படுமுன் பார்த்துவிடுங்கள். பீரோவையும் கட்டிலையும் சுவரிலிருந்து நான்கு அங்குலமாவது தள்ளிப் போடுங்கள்.

எந்தத் தைலம்

தைலங்களின் வலிமை அவற்றிலுள்ள வேதிப்பொருளைப் பொறுத்தது. நீலகிரித் தைலத்தில் பெரும்பங்கு சினியோல் என்ற பொருள்தான். மூக்கடைப்புக்கு அது நல்ல மருந்து. பூசணத்தின் முன்னால் அவ்வளவு வலுவில்லை. நம் வீடுகளில் எளிதாகக் கிடைக்கும் தைலமே இந்த வேலைக்கு மெலிந்த தைலமாக அமைந்திருப்பதுதான், தைலத்தின்மேல் பலருக்கு நம்பிக்கை போனதற்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

வலுவானவை என்று சொல்லத்தக்கவை தைமால், யூஜினால், சின்னமால்டிஹைடு ஆகியவற்றைக் கொண்ட தைலங்கள். இவை பூசணத்தின் செல் உறையைச் சிதைத்து, உள்ளிருப்பதை வெளியே கசியவிட்டு அதன் வளர்ச்சியை முடக்குகின்றன. ஓமத் தைலத்தில் ஏறக்குறைய பாதி தைமால். கிராம்புத் தைலத்தில் நான்கில் மூன்று பங்குக்கு மேலாகவும் யூஜினால் இருக்கும். பட்டைத் தைலத்தில் சின்னமால்டிஹைடு மிகுதி. ஆனால் அது தோலைக் கடுமையாக எரிக்கும் என்பதால், வீட்டில் கையாள அதைப் பரிந்துரைக்க மாட்டேன். எலுமிச்சம்புல் தைலத்தில் உள்ள சிட்ரால் நடுத்தரத்துக்கு மேலான ஆற்றல் கொண்டது. ஓலைச்சுவடிகளைப் பாதுகாக்க நூலகங்கள் அதைப் பூசிவருவதும் நினைவில் கொள்ளத்தக்கது. இணையத்தில் எல்லோரும் புகழும் டீ ட்ரீ எண்ணெய் ஆஸ்திரேலிய மரம் ஒன்றின் இலையிலிருந்து வருவது. நன்றாக வேலை செய்யும்தான். ஆனால் நாட்டு மருந்துக் கடையில் ஓமமும் கிராம்பும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது, அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை.

வேப்பெண்ணெயையும் தேங்காய் எண்ணெயையும் இந்த வரிசையில் சேர்க்கக் கூடாது. அவை ஆவியாகாத கொழுப்பு எண்ணெய்கள். சுவரில் பூசினால் பிசுக்காகத் தங்கித் தூசியைப் பிடித்து வைக்கும், அந்தத் தூசியே பூசணத்துக்குத் தீனியாகும். ஓம வாட்டர் என்று குழந்தைகளுக்குக் கொடுக்க விற்பதும் இங்கே பயன்படாது, அதில் தைலத்தின் அளவு மிகச் சொற்பம். அந்துருண்டை பூச்சிக்கானது. சாம்பிராணிப் புகை வாடையை மறைக்கும், அவ்வளவுதான்.

ஓமத் தைலம் கிடைக்காவிட்டால், நாட்டு மருந்துக் கடையில் ஓம உப்பு அல்லது ஓமப்பூ என்று கேட்டு வாங்கலாம். நிறமற்ற படிகங்களாக இருக்கும், தைமால்தான் அது. தண்ணீரில் லேசில் கரையாது, ஆல்கஹாலில் உடனே கரையும். ஓம உப்பு, புதினா உப்பு, கற்பூரம் மூன்றையும் ஒரு புட்டியில் ஒன்றாகப் போட்டால் மூன்றும் தானாகவே உருகி நீராகிவிடும். பழைய வைத்தியர்கள் கைவசம் வைத்திருந்த கலவை அது. ஆனால் கற்பூரம் எளிதில் தீப்பற்றும் என்பதால், சுவர் வேலைக்கு அந்தக் கலவை வேண்டாம்.

மலிவாகக் கிடைக்கும் தைலத்தில் வேறு எண்ணெய் கலந்திருக்கலாம். ஒரு வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டு, மறுநாள் அதை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நல்ல தைலமானால் ஆவியாகிப்போய்த் தாள் ஏறக்குறைய முன்போலவே இருக்கும். கிராம்புத் தைலம் மட்டும் மெல்லப் போகும், இளமஞ்சள் சாயலும் விடும். முறுக்குப் பொட்டலத்தில் இருப்பதுபோல ஒளி ஊடுருவும் வட்டம் நின்றால் அதில் கொழுப்பெண்ணெய் கலந்திருக்கிறது.

கலக்கும் முறை

தைலமும் தண்ணீரும் ஒட்டாதவை. தண்ணீரில் பத்துச் சொட்டு விட்டுக் குலுக்கித் தெளிப்பது என்று பல இடங்களில் எழுதியிருப்பதை நம்பாதீர்கள். பெரும்பாலான தைலங்கள் மேலே மிதக்க, தெளிப்பான் அடியிலிருந்து வெறும் தண்ணீரையே உறிஞ்சும்; கிராம்புத் தைலமோ தண்ணீரைவிடக் கனமானது என்பதால் அடியில் தங்கிவிடும். அதனால் இணைப்புப் பொருள் ஒன்று அவசியம். 5 மில்லி ஓமத் தைலத்தையோ கிராம்புத் தைலத்தையோ ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி, பாத்திரம் கழுவும் திரவ சோப் 15 மில்லி சேர்த்து, இரண்டும் ஒன்றாகும்வரை மரக்குச்சியால் கலக்குங்கள். பிறகு 480 மில்லி தண்ணீரைச் சிறிது சிறிதாக விட்டுக் கலக்கிக்கொண்டே வந்தால், கலவை பால்போல் வெளுக்கும். மேலேயோ அடியிலோ எண்ணெய்த் துளிகள் பிரிந்து நிற்காமல் ஒரே சீராக வெளுத்திருந்தால் பதம் சரி. இது ஒரு சதவீதக் கரைசல். டீ ட்ரீ எண்ணெயோ எலுமிச்சம்புல் தைலமோ ஆனால் 10 மில்லி எடுத்து, சோப்பையும் இரட்டித்துக்கொள்ளுங்கள். இதற்கு மேல் அடர்த்தியை ஏற்றுவதால் சுவரில் கறைதான் கூடும்.

சோப்புக்குப் பதிலாகப் பூந்திக்கொட்டை ஊறவைத்த நீரைப் பயன்படுத்த விரும்புபவர்கள் உண்டு. அது நன்றாகவே கலக்கும். ஆனால் அந்த நீரே இரண்டு நாளில் புளித்துப் பூசணம் பிடித்துவிடும் என்பதால், அன்றைக்குக் கலக்கி அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும்.

மரக் கதவு, அலமாரித் தட்டு போன்ற சிறிய பரப்புகளுக்கு, 5 கிராம் ஓம உப்பை 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் 500 மில்லியில் கரைத்துத் துணியால் தடவுவது எளிது. சோப்பின் பிசுக்கும் மிஞ்சாது. ஆனால் ஆல்கஹாலைத் தெளிப்பானில் ஊற்றி அறைக்குள் பீய்ச்சக் கூடாது. அடுப்பு, பூஜை விளக்கு, ஊதுபத்தி எதுவும் எரியாதபோது, ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டுதான் இதைச் செய்ய வேண்டும்.

கலவையைக் கண்ணாடிப் புட்டியில் வையுங்கள். தைலம் சில வகைப் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். புட்டியின்மேல் பெயரையும் தேதியையும் எழுதி ஒட்டி, குழந்தைகள் கைக்கு எட்டாத உயரத்தில் பூட்டி வையுங்கள். சோப்புக் கலவையை இரண்டு வாரத்துக்குமேல் வைத்திருக்க வேண்டாம்.

சுவரில் செய்ய வேண்டியது

பூசணம் படர்ந்த பரப்பு மூன்றடிக்கு மூன்றடிக்குள் இருந்தால் வீட்டிலேயே செய்யலாம். அதற்கு மேல் போனால், அல்லது ஃபால்ஸ் சீலிங்குக்குள் புகுந்துவிட்டால், அனுபவமுள்ள ஆட்களை அழைப்பதே நல்லது. பூசணம் பிடித்த ஜிப்சம் பலகையும் தெர்மாகோலும் மெத்தையும் கழுவித் தேறுபவை அல்ல, அவற்றை வெளியேற்ற வேண்டியதுதான். என்-95 முகக்கவசம், நைட்ரைல் கையுறை, கண்ணாடி மூன்றும் அணிந்துகொண்டு, அறையின் உள்கதவைச் சாத்தி, வெளி ஜன்னலைத் திறந்துவிட்டுத் தொடங்குங்கள். மின்விசிறியைப் போடாதீர்கள். உலர்ந்த பூசணத்தைச் சீமாறால் தட்டுவதுதான் எல்லோரும் முதலில் செய்யும் காரியம். அதனால் நுண்வித்துகள் வீடு முழுக்கப் பறந்து, ஒரு சுவரில் இருந்தது நான்கு சுவருக்கும் போய்ச் சேரும்.

முதலில் சோப்புத் தண்ணீரை லேசாகத் தெளித்துப் பூசணத்தை நனையவிடுங்கள். பிறகு பழைய துணியால், ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் துடைத்து, ஒவ்வொரு முறையும் துணியின் புதுப் பக்கத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். சொரசொரப்பான பரப்பானால் மென்மையான பிரஷ் தேவைப்படும். துடைத்த துணிகளைப் பையில் கட்டி எறிந்துவிடுங்கள், துவைத்து மறுபடி எடுக்க வேண்டாம். பூசணம் செத்துப்போனாலும் சுவரில் ஒட்டியிருக்கும்வரை ஒவ்வாமையைத் தூண்டிக்கொண்டே இருக்கும் என்பதால், கொல்வதைவிட அகற்றுவதே முக்கியம். குளியலறையில் பிளீச்சிங் பவுடர் போடுகிறவர்கள், கழிப்பறை கழுவும் ஆசிட்டையோ வினிகரையோ அதனுடன் ஒருபோதும் சேர்க்கக் கூடாது. குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைத்துவிடும். பிளீச்சிங் போட்ட இடத்தை நன்றாகக் கழுவிக் காயவிட்ட பிறகே தைலக் கரைசல் அங்கே போக வேண்டும்.

சுவர் இரண்டு நாளாவது காயட்டும். புறங்கையை வைத்துப் பார்த்தால் அக்கம்பக்கத்துச் சுவரைவிடக் குளிர்ச்சியாகத் தெரியும் இடத்தில் இன்னும் ஈரம் இருக்கிறது. முழுதும் காய்ந்த பின்பு, மறைவான ஒரு மூலையில் கரைசலைத் தடவி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். கிராம்புத் தைலம் வெள்ளை எமல்ஷன் சுவரில் மஞ்சள் பூக்க வைக்கலாம். ஓமத் தைலம் சில வார்னிஷ்களை இளக்கும். கறை இல்லையென்றால், கரைசலைக் குலுக்கி, சுவரில் வழிந்தோடாத அளவுக்கு மெல்லியதாகத் தெளித்து, கழுவாமல் அப்படியே உலரவிடுங்கள். சுவிட்ச் போர்டுக்கு அருகில் தெளிப்பதைத் தவிர்த்து, மெயினை அணைத்துவிட்டுத் துணியால் தடவுங்கள். தைலம் ஆவியாகும் பொருள். அதன் காவல் நாளாக நாளாகக் குறைந்துகொண்டே போகும். ஆகையால் மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை திரும்பத் தெளிக்க வேண்டும். வெயில்காலத்தில் தேவையில்லை.

கழுவித் துடைத்த பரப்பின் எல்லையைச் சுற்றிப் பென்சிலால் மெல்லிய கோடு ஒன்று போட்டு, அருகில் தேதியையும் எழுதி வையுங்கள். இரண்டு வாரத்தில் கோட்டுக்குள்ளோ வெளியிலோ புதுப் புள்ளி வந்தால், ஈரம் இன்னும் எங்கிருந்தோ வந்துகொண்டிருக்கிறது. அப்போது தேட வேண்டியது இன்னொரு தைலத்தை அல்ல, பிளம்பரையோ கொத்தனாரையோதான்.

பழைய தொட்டிக்கட்டு வீடுகளிலும் ஓட்டு வீடுகளிலும் சுண்ணாம்பு அடித்த சுவர் இருந்தால் தைலம் வேண்டியதே இல்லை. புதுச் சுண்ணாம்பின் காரத்தன்மையில் பூசணம் முளைக்காது. பொங்கலுக்கு முன் ஆண்டுதோறும் வெள்ளையடித்தவர்கள் அழகுக்காக மட்டும் அதைச் செய்யவில்லை. அதன்மேல் பளபளப்புக்காக ஆயில் பெயின்ட் அடித்தவர்களின் வீட்டில்தான் ஈரம் உள்ளே சிக்கிப் பொரிந்து நிற்கிறது.

பீரோ, புத்தகம், பட்டு

மூடிய இடங்களில் தைலம் ஆவியாகவே வேலை செய்யும் என்பதால், தெளிக்க வேண்டிய தேவை இல்லை. ஒரு சிறு கண்ணாடிக் கிண்ணத்தில் பஞ்சு வைத்து, ஐந்தாறு சொட்டுக் கிராம்புத் தைலம் விட்டு, அலமாரியின் அடித்தட்டில் வைத்து மூடுங்கள். துணியிலோ தாளிலோ பஞ்சு படக் கூடாது. பட்டுச் சேலையில் தைலக் கறை விழுந்தால் சலவைக்காரராலும் எடுக்க முடியாது. வாரம் ஒருமுறை சொட்டுகளைப் புதுப்பியுங்கள். அட்டாலியில் கட்டிவைத்த பித்தளைப் பாத்திரங்களுக்கும் பழைய ரசீது மூட்டைகளுக்கும் இது பொருந்தும். முன்பு நூலகங்களில், மூடிய பெட்டிக்குள் ஓம உப்பை மின்விளக்குச் சூட்டில் ஆவியாக்கிப் புத்தகங்களைப் பாதுகாத்தார்கள்; ஊழியர்களின் உடல்நலத்தைக் கருதிப் பல இடங்களில் அதைக் கைவிட்டுவிட்டார்கள். வீட்டில் அதைச் செய்து பார்க்க வேண்டாம். அரிசி, பருப்பு, மஞ்சள் இருக்கும் இடத்தில் எந்தத் தைலமும் கூடாது. பூசணம் பிடித்த தானியத்தைத் தைலத்தால் மீட்க முடியாது, அதைக் கொட்டத்தான் வேண்டும்.

யாருக்கு ஆகாது

தாவரத்திலிருந்து வந்தது என்பதால் தீங்கற்றது என்று கொள்ள முடியாது. கற்பூரமும் நீலகிரித் தைலமும் சிறு குழந்தையின் வாய்க்குள் சிறிதளவு போனாலே வலிப்பு வரலாம். கிராம்பு, பட்டைத் தைலங்கள் சிலருக்குத் தோலில் தடிப்பை உண்டாக்கும். தைல ஆவி ஆஸ்துமாவைத் தூண்டும். பூனையின் கல்லீரலால் இந்தப் பொருட்களை நம்மைப்போல் முறித்து வெளியேற்ற முடியாது. தெளித்த சுவரில் உரசி, பிறகு மயிரை நக்கினாலே அதற்கு நஞ்சாகிவிடும். படுக்கையறையில் தைலத்தை ஆவியாக்கிப் பரப்பும் டிஃப்யூசரை இரவெல்லாம் ஓடவிடுவதால் சுவர்ப் பூசணம் அடங்காது. அதே சுவருக்குப் போதாத ஆவி, மூச்சுக்குழாயை எரிச்சலூட்டப் போதும். கைக்குழந்தை, கர்ப்பிணி, மூச்சுத்திணறல் உள்ளவர், பூனை இவர்களில் யாரேனும் வீட்டில் இருந்தால், தைலத்தை விட்டுவிட்டுச் சோப்புத் தண்ணீரால் கழுவி, நன்றாகக் காயவிட்டு, சுவர் ஏற்கும் இடத்தில் சுண்ணாம்பு அடித்துக்கொள்ளுங்கள்.